கன்னத்தில் இருந்த மருந்து

கருவாற்றுக் காட்டில், மேல்கரைக் குரங்குகளுக்குத் தீனி பதுக்கக் கன்னப்பை உண்டு. கீழ்க்கரைச் சருகுமான்களுக்குக் கிடையாது. இந்தக் கதையில் நடக்கும் அநியாயத்தில் முக்கால்வாசி இந்த ஒரு வித்தியாசத்தால் வந்தது. மீதிக் கால்வாசி, கூட்டம் போட்டுப் பேசியதால் வந்தது.

சருகுமான் முயல் அளவே இருக்கும். கொம்பு கிடையாது. சத்தம் போடவும் தெரியாது. இப்படிப்பட்ட பிராணிகளைக் காட்டில் எல்லோரும் மிகவும் மதிப்பார்கள். அதாவது, மிதிக்காமல் தாண்டிப் போவார்கள்.

அப்படி ஒரு சருகுமான்தான் வரிச்சி. அந்த மழைக்காலத்தில் கீழ்க்கரையில் கொப்புளக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் நாக்கு வீங்கும். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் கொப்புளம். மூன்றாம் நாள் எதுவும் இருக்காது. வரிச்சியின் கணவன் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். வரிச்சிக்கும் காய்ச்சல் வந்தது. ஆனால் முன்னங்காலில் நாலு கொப்புளத்தோடு நின்றுவிட்டது. அப்போது அவள் நிறைமாதம்.

கொப்புளம் ஆறுவதற்குள் மேல்கரையிலிருந்து ஒரு முள்ளம்பன்றி அவளைத் தேடி வந்தது. பெயர் முள்ளாண்டி. காட்டுக்கே வைத்தியர்.

"தாயி, அந்தக் கொப்புளத்துல ஒரு சொட்டு எடுத்துக்கிடட்டுமா?"

"புண்ணுல இருக்கிறதை எடுத்து என்ன செய்யப் போறீங்க?"

"உன் உடம்புல இந்த நோய் சாதுவாயிட்டுது. இதைப் பக்குவப்படுத்திக் கொஞ்சமா உடம்புல ஏத்தினா, நிஜ நோய் வரும்போது உடம்பு அடையாளம் கண்டு விரட்டிடும். ஆனா நோய் வர்றதுக்கு முந்தியே குத்திக்கிடணும். வந்தப்புறம் குத்தினா பிரயோசனம் இல்லை."

"எல்லாருக்கும் குத்துவீங்களா?"

"எல்லாருக்கும்."

"என் வயித்துல இருக்கிறதுக்கும்?"

"அதுக்குத்தான் முதல்ல."

வரிச்சி காலை நீட்டினாள். முள்ளாண்டி பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

மேல்கரையில் அருவிக்குப் பின்னால் ஒரு குகை. நடுப்பகலிலும் பல் கிட்டிக்கும் குளிர். அங்கே அந்தச் சொட்டைக் கற்றாழைச் சாற்றில் ஊறவைத்து, வளரவிட்டு, தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்களுக்குள் ஏற்றி, முனையைத் தேன்மெழுகால் அடைத்தார் முள்ளாண்டி. ஓர் உயிருக்கு ஒரு முள். குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். வெயில் பட்டாலோ உடம்புச் சூடு பட்டாலோ அரை நாளில் உள்ளே இருப்பது வெறும் புளித்த தண்ணீர்.

மருந்து தயாரானதும் காட்டுச் சபை ஆற்று நடுப்பாறையில் கூடியது. செயலர், மயில் தோகையார். தீர்மானத்தை வாசிக்கும்போது அவர் தோகையை விரித்துவிடுவார். அதனால் தீர்மானத்தில் என்ன இருந்தது என்று பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

"எவ்வுயிரும் விடுபடலாகாது என்பதே சபையின் உறுதிப்பாடு. மருந்து முதலில் அருகில் உள்ளோருக்கு வழங்கப்படும். அவர்தம் தேவைக்குப் போக மிச்சம் அனைத்தும் உடனடியாகக் கீழ்க்கரைக்கு அனுப்பப்படும்."

எல்லோரும் கைதட்டினார்கள். கை இல்லாதவர்கள் வாலை ஆட்டினார்கள். 'நோய்க்கு மருந்தளித்த கீழ்க்கரைச் சகோதரி' என்று வரிச்சிக்குப் பாராட்டும் உண்டு. பெயரைத்தான் யாரும் விசாரித்து வைத்திருக்கவில்லை.

விநியோகத்தை மேல்கரைக் குரங்குகளே ஏற்றுக்கொண்டன. யாரும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. பொறுப்புணர்ச்சி என்பது அப்படித்தான், அதுவாக வரும்.

வரிச்சிக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. பெரியது துறுதுறு. சின்னது எப்போதும் பெரியதன் வாலுக்குப் பின்னால். கீழ்க்கரையில் காய்ச்சல் நிற்கவில்லை. புதருக்குப் புதர் தாவிக்கொண்டிருந்தது. பத்து நாள் பார்த்தாள். முள் வரவில்லை. குட்டிகளை வேர்ப்பொந்துக்குள் விட்டுவிட்டு, ஆற்றை நீந்தி மேல்கரைக்குப் போனாள்.

அத்திமரத்தில் குரங்குகளின் தலைவன் தாடையன் உட்கார்ந்திருந்தான். இரண்டு கன்னமும் பலாச்சுளையை அடைத்தது போலப் புடைத்திருந்தன.

"ஐயா, நான் கீழ்க்கரை. மருந்து மிச்சம் எப்போ அனுப்புவீங்க?"

"ழிச்சழா?" என்றான் தாடையன்.

"என்னங்க?"

அவன் ஒரு கன்னத்தைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினான். "மிச்சமா-ன்னு கேட்டேன். மிச்சம்னா என்னம்மா?"

"உங்க தேவைக்குப் போக இருக்கிறது."

"இரு, இரு. வயித்துல இருக்கிறது சாப்பிட்டது. கன்னத்துல இருக்கிறது சாப்பிடப் போறது. இதுல நடுவுல மிச்சம்னு ஒண்ணு எங்க வருது? எங்க பாஷையில அப்படி ஒரு சொல்லே கிடையாதே."

மற்ற குரங்குகள் சிரித்தன. கன்னம் நிறைந்திருந்ததால் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அப்போதுதான் வரிச்சி கவனித்தாள். ஒவ்வொன்றின் கன்னத்துக்குள்ளும் முள்நுனிகள் துருத்திக்கொண்டிருந்தன.

"இவ்வளவும் மருந்தா? ஓர் உயிருக்கு ஒரு முள்தானேங்க?"

"ஒண்ணு கைத்தவறி விழுந்தா? இன்னொண்ணு சரியா இல்லைன்னா? மச்சான் ஊர்லேருந்து வந்தா? ஆளுக்கு ஏழு எட்டு வச்சிருக்கோம். அளவாத்தான்."

"சரி. எல்லாரும் ஒண்ணாவது குத்திக்கிட்டீங்களா?"

தாடையன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "பசிக்கு முந்தி யாராவது சாப்பிடுவாங்களா? காய்ச்சல் வரட்டும், எடுத்துக் குத்திக்கிறோம். கையில சாமான் இருக்கிறப்போ என்ன கவலை?"

இவர்கள் தன் குட்டிகளின் மருந்தை எடுத்துக்கொண்டதுகூட வரிச்சிக்குப் புரிந்தது. எடுத்தும் பயன்படுத்தாததுதான் புரியவில்லை.

அவள் தோகையாரிடம் போனாள். அவர் அடுத்த தீர்மானத்துக்கு இறகு கோதிக்கொண்டிருந்தார்.

"தங்கள் குட்டிகளின் நலனில் சபை ஆழ்ந்த அக்கறை கொண்டுள்ளது," என்றார்.

"அந்த அக்கறையை எங்க போய் வாங்கிக்கிறதுங்க?"

தோகையார் தொண்டையைச் செருமினார். "தீர்மானத்தில் 'மிச்சம்' என்ற சொல்லுக்கு விளக்கம் இல்லை. தாடையனார் அதைச் சரியாகச் சுட்டிக்காட்டியுள்ளார். எனவே மிச்சம் என்றால் என்ன என்று ஆராய ஐவர் குழு அமைத்துள்ளோம். நான்கு குரங்குகள், ஒரு கருமந்தி."

"கருமந்திக்குக் கன்னப்பை கிடையாது. அது ஞாயமாப் பேசும்."

"பேசலாம். ஆனால் கன்னப்பை இல்லாததால் விஷயத்தில் அனுபவம் போதாது. ஆகவே வாக்குரிமை தரவில்லை."

"கீழ்க்கரையிலேருந்து யாரும் இல்லையா?"

"பார்வையாளராக வரலாம். நிழல் இருக்கும் இடம் உறுப்பினர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது."

வரிச்சி பார்வையாளராக இருக்கவில்லை. அருவிக்குப் போனாள். குகையில் முள்ளாண்டி தனியாக உட்கார்ந்திருந்தார். சுவரோரம் முட்கள் அடுக்கும் இடமெல்லாம் காலி. முதுகிலும் பாதி காலி.

"வா தாயி," என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வைக்க வைக்க எடுத்துட்டுப் போயிடறாங்க. புது முள் முளைக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்."

"கன்னத்துல வச்சிருக்காங்க. உடம்புச் சூடு."

"தெரியும். அரை நாள் தாங்காதுன்னு சொன்னேன். 'எங்க கன்னத்தையா குறை சொல்றே'ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க."

"செய்யுறது எப்படின்னு எங்களுக்குச் சொல்லிக் குடுங்க. எங்க கரையிலயும் முள்ளம்பன்றி இருக்கு. கற்றாழை இருக்கு. நாங்களே செஞ்சுக்கிடறோம்."

முள்ளாண்டி தலையை ஆட்டினார். "சொல்ல மாட்டேன்னு வாக்கு வாங்கியிருக்காங்க. கீழ்க்கரையில செஞ்சா தரம் கெட்டுப்போகுமாம். தரத்துல அவங்களுக்கு அவ்வளவு அக்கறை."

வரிச்சி முன்னங்காலை நீட்டிக் காட்டினாள். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. "என் கால்லேருந்து எடுக்கும்போது 'அதுக்குத்தான் முதல்ல'ன்னு சொன்னீங்க. அதுவும் வாக்குதானுங்களே?"

முள்ளாண்டி எழுந்தார். கற்றாழை மடலைக் கீறினார். சாற்றை வழித்து ஓடும் தண்ணீரில் மூன்று முறை அலசினார். மூங்கில் குழாயிலிருந்து, அவள் கொடுத்த சொட்டில் வளர்த்த தாய்ச்சாற்றை எடுத்துப் பத்துக்கு ஒன்றாகக் கலந்தார். ஒவ்வொன்றையும் வழக்கத்தைவிட மெதுவாக, அவளுக்குத் தெரியும்படி ஒதுங்கி நின்று செய்தார். வாயைத் திறக்கவே இல்லை.

கடைசியில்தான் திறந்தார். "சொல்லக் கூடாதுன்னுதான் வாக்கு. நான் செய்யும்போது நீ அங்கே நிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலை." பிறகு தாய்ச்சாற்றில் பாதியை வேறொரு மூங்கில் குழாயில் ஊற்றி, ஈரப்பாசியில் சுற்றி அவள் முன் வைத்தார். "இது உன்கிட்டேருந்து வாங்கினது. வாங்கினதைத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னும் சொல்லலை."

வரிச்சி குழாயை வாயில் கவ்வி, தண்ணீருக்குள்ளேயே வைத்து நீந்தினாள்.

கீழ்க்கரை முள்ளம்பன்றிகள் முட்களைக் கொடுத்தன. தேன்மெழுகுக்குக் கரடி ஒத்தாசை. கற்றாழைக்குப் பஞ்சமில்லை. நிழலில் குழி தோண்டி முட்களை அடுக்கினார்கள். மறுநாள் மதியம் திறந்தால் புளித்த வாடை. கீழ்க்கரை தாழ்வான இடம், நிழலிலும் புழுக்கம். எல்லாவற்றையும் கொட்டினார்கள். மேல்கரையில் கேள்விப்பட்டவர்கள் 'தரம்' என்று சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

இரண்டாம் தடவையும் கெட்டது. நீர்நாய் துடுப்பன் வந்து பார்த்தான். வரிச்சிக்குப் பக்கத்து வளைக்காரன்.

"மதினி, குளிர்தானே வேணும்? என் வளைக்குக் கீழே பாறை இடுக்குல ஒரு ஊத்து இருக்கு. என் பொஞ்சாதி அதுல கால வச்சாலே என்னைத் திட்டுவா. அங்க வைப்போமா?"

"முதல்லயே சொல்லியிருக்கலாமே, கொழுந்தா."

"முதல்ல யாரு என்னைக் கேட்டா? நான் மீன் பிடிக்கிற ஆளு."

மூன்றாம் முறை முட்களை அந்த ஊற்றில் வைத்தார்கள். சாறு வளர மூன்று நாள் ஆகும். முதல் நாள் சாயங்காலம் சின்னக் குட்டிக்கு நாக்கு வீங்கியது.

அதே நாளில்தான் மேல்கரையில் ஐவர் குழுவின் இரண்டாம் அமர்வு. கன்னப்பை உடலுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று விரிவாக விவாதித்தார்கள். கருமந்தி ஒரு கருத்துச் சொன்னது, குறித்துக்கொள்ளப்படவில்லை. இரண்டாம் நாள் விவாதம் தொடர்ந்தது. வரிச்சி பெரியதைத் துடுப்பன் வீட்டில் விட்டுவிட்டுச் சின்னதை நக்கிக்கொடுத்தபடி படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் சின்னது நக்கியும் அசையவில்லை.

அன்று மதியம் ஊற்றிலிருந்து முள்ளை எடுத்தார்கள். வாடை இல்லை. வரிச்சி முதல் முள்ளைப் பெரியதன் தொடையில் தானே குத்தினாள். அது கத்தியது. இரவில் உடம்பு லேசாகக் காய்ந்தது. காலையில் எழுந்து, வழக்கம்போல ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தது. வாலுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அடுத்த முள்ளைக் காட்டுப்பூனை கேட்டது. அதற்கடுத்து முயல்கள். ஒரு மாதத்துக்குள் கீழ்க்கரையில் குத்தாத உயிர் இல்லை. காய்ச்சல் தாவப் புதர் கிடைக்காமல் நின்றது.

கோடையில் ஆற்றில் தண்ணீர் வற்றியது. கீழ்க்கரைக்கு அப்பால் மேட்டுச் சரிவுகளில் ஒளிந்துகிடந்த காய்ச்சல் காட்டுப்பன்றிகளோடு ஆற்றை நடந்தே கடந்து மேல்கரைக்குப் போனது. சபையின் அனுமதியை அது கோரவில்லை.

முதலில் தாடையன் தம்பிக்கு நாக்கு வீங்கியது. "எடுங்கடா," என்றான் தாடையன். எல்லோரும் கன்னத்தில் கை விட்டு முட்களை எடுத்துக் குத்திக்கொண்டார்கள். இல்லாத மச்சானுக்கு வைத்திருந்ததையும் குத்திக்கொண்டார்கள். உள்ளே இருந்தது மாதக்கணக்கில் வெந்த புளித்த தண்ணீர். தம்பி மூன்றாம் நாள் போனான்.

அந்த வாரத்தில்தான் ஐவர் குழு அறிக்கை கொடுத்தது. 'விரிவாக ஆராய்ந்ததில், மேல்கரையில் மிச்சம் என்று ஒன்று இல்லை என்பது தெளிவாகிறது.' அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தாடையன் ஆற்றைக் கடந்து வந்தான். பின்னால் குட்டிகளை வயிற்றில் ஒட்டிக்கொண்ட தாய்க் குரங்குகள். கன்னம் ஒட்டிப்போயிருந்ததால் பேச்சு முதல் தடவையாகத் தெளிவாக இருந்தது.

"அம்மா, உங்ககிட்ட மருந்து இருக்காமே. கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

துடுப்பன் வரிச்சியை ஓரமாக இழுத்தான். "குடுக்காத மதினி. குழு போடலாம். நானும் என் பொஞ்சாதியும் உறுப்பினர். இவனை வெயில்ல பார்வையாளரா உக்கார வைப்போம்."

வரிச்சிக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. தாடையன் வெயிலில் உட்கார்ந்திருப்பதை மனசுக்குள் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். நன்றாகவே இருந்தது.

"குத்தினது எத்தனை மழைக்குத் தாங்கும் கொழுந்தா?"

"யாருக்குத் தெரியும்? முள்ளாண்டிக்கே தெரியாதுங்கிறாங்க."

"அந்தக் கரையில ஒரு குரங்கு காய்ச்சலோட இருந்தாலும், அது குடிக்கிறதும் இந்தத் தண்ணிதான். நான் குடிக்கிறதும் இதுதான். எனக்கு மிச்சம் இருக்கிறது ஒரு குட்டி. அதை வச்சு உன்னோட குழு விளையாட முடியாது."

துடுப்பன் முட்களை எடுத்துவர ஊற்றுக்குப் போனான்.

வரிச்சி தாடையனிடம் திரும்பினாள். "குடுக்கிறோம். ஆனா கையில குடுக்க மாட்டோம். இங்கேயே, இந்த மணல்லயே, இப்பவே குத்திக்கிட்டுப் போகணும். குட்டிக்கு முதல்ல, தாய்க்கு அடுத்து, தலைவருக்குக் கடைசி. உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். இன்னொண்ணு, முள்ளாண்டி ஐயா வாயை அவிழ்த்துவிடணும். ரெண்டு கரையிலயும் செய்யணும். எந்தக் கரையிலே கெட்டாலும் மத்தது கை குடுக்கும்."

"ரகசியம் போயிடுமே."

"உங்க தம்பி போனதைவிடவா?"

தாடையன் மணலில் உட்கார்ந்தான். வெயில் சுட்டது. தாய்க் குரங்குகள் அவனைத் தாண்டி வரிசைக்குப் போயின.

சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் குத்தியாயிற்று. கடைசியில் தாடையன் வந்தான். குத்திக்கொண்டு, நன்றி என்று தலையாட்டிக் கிளம்பினான். வாயால் சொல்லவில்லை. வரிச்சி அவன் முன்னால் போய் நின்றாள்.

"துப்புங்க."

தாடையன் கன்னத்திலிருந்து ஒரு முள்ளை எடுத்தான். "பழக்கம்மா," என்றான் தலைகுனிந்து.

"தெரியும். அதான் நின்னேன்."

அந்த முள்ளைத் துடுப்பன் உடனே ஊற்றுத் தண்ணீரில் அலசி, நேரம் கழித்து வந்து சேர்ந்த கருமந்திக்குக் குத்தினான். குழுவில் தான் சொல்லி யாரும் குறித்துக்கொள்ளாத கருத்தைக் கருமந்தி அப்போது எல்லோருக்கும் சொன்னது: குத்தாத மருந்து யாருக்கும் மருந்தில்லை.

மறுநாள் நடுப்பாறையில் தோகையார் தோகையை விரித்து அறிக்கை வாசித்தார். இரு கரைகளின் ஒத்துழைப்பால், குறிப்பாக மேல்கரையின் தொலைநோக்கால், காடு காப்பாற்றப்பட்டதாம். வரிச்சி கேட்கப் போகவில்லை. அருவிக் குகையிலிருந்து முள்ளாண்டி வந்திருந்தார். ஊற்றில் அடுக்கும் முறையில் ஒரு குறை கண்டுபிடித்து, இப்போது வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அடுத்த மழைக்கான முட்களை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குட்டி அவள் கால்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து வேலையைக் கெடுத்தது. அவள் அதைத் துரத்தவில்லை.

நீதி: மருந்தைத் தனக்கென்று பதுக்குகிறவர் நோயைத்தான் பதுக்கிக் காக்கிறார், எல்லாக் கரையிலும் செய்து எல்லோருக்கும் உரிய நேரத்தில் குத்தினால்தான் எந்தக் கரையும் பிழைக்கும்.